நடுக்குவாதத்தின் பகல் தூக்கம்: ஷிப்பூர் தோட்டத்து இரண்டு செடிகள்

1817ஆம் ஆண்டில், லண்டனின் ஹாக்ஸ்டன் பகுதியில் மருத்துவத் தொழில் செய்துவந்த ஜேம்ஸ் பார்க்கின்சன் நடுக்குவாதம் குறித்துச் சிறு நூல் ஒன்றை வெளியிட்டார். அதில் இடம்பெற்ற நோயாளிகள் அறுவர் மட்டுமே. அவர்களிலும் சிலரைத் தெருவில் கண்டு கவனித்ததோடு சரி. கைநடுக்கம், முன்வளைந்த உடல், தன்னையறியாமல் ஓட்டமாக மாறும் நடை என அவர் தீட்டிய சித்திரம் இன்றும் பாடநூல்களில் பெரிதும் மாறாமல் இருக்கிறது. தூக்கத்தையும் அவர் விட்டுவிடவில்லை. நோய் முதிர்கையில் நடுக்கம் இரவுத் தூக்கத்தைக் குலைக்கிறது என்று எழுதினார். இறுதிக் கட்டத்தில் இடைவிடாத உறக்கமும் இலேசான பிதற்றலும் சேர்ந்து முடிவை முன்னறிவிக்கின்றன என்றும் குறித்தார். இவ்வாறு, நடுக்குவாத நோயாளியின் பகல் தூக்கத்துக்கு மருத்துவ எழுத்தில் கிடைத்த முதல் இடம் மரணப்படுக்கையாக அமைந்தது. அங்கிருந்து அதனை நோயின் நடுப்பகுதிக்கும், பின்னர் அதன் தொடக்கத்துக்கே கூட, நகர்த்திக் கொண்டுவர மருத்துவத்துக்கு ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் பிடித்தன.

இந்தத் தாமதத்தின் வரலாற்றை லண்டனிலிருந்தும் வியன்னாவிலிருந்தும் எழுதுவது வழக்கம். ஹவுராவிலிருந்தும் அதனை எழுத முடியும். பார்க்கின்சனின் நூல் வெளிவந்த அதே 1817இல்தான் நத்தானியல் வாலிச் ஷிப்பூர் தாவரத் தோட்டத்தின் நிலையான கண்காணிப்பாளரானார். இது வெறும் தற்செயல். ஆனால் அந்தத் தோட்டத்தினர் விவரித்துப் பெயரிட்ட செடிகளுள் இரண்டு, பின்னாளில் நடுக்குவாதத்தின் வேதியியலையே திறந்துகாட்டியவை. ஒன்று உடலை அசைவற்றதாக்கி உறங்கவைப்பது. மற்றொன்று அசைவற்ற உடலை எழுப்புவது. முன்னது சர்ப்பகந்தா, தமிழில் சிவன் அமல்பொடி என்றும் பாம்புக்களா என்றும் வழங்குவது. பின்னது பூனைக்காலி.

ஹூக்ளி ஆற்றின் மேற்குக் கரையில் கர்னல் ராபர்ட் கிட் 1787இல் தொடங்கிய இந்தத் தோட்டத்தின் நோக்கம் மருத்துவ ஆய்வு அன்று. கிழக்கிந்தியக் கம்பெனிக்கு வருவாய் தரக்கூடிய பயிர்களை வளர்த்துப் பார்ப்பதே அதன் முதற்பணி. 1793இல் பொறுப்பேற்ற வில்லியம் ராக்ஸ்பர்க், சென்னை மாகாணத்தில் பல்லாண்டுகள் பணியாற்றிவிட்டு வந்தவர். அவர் விட்டுச்சென்ற 'ஃப்ளோரா இண்டிகா' கையெழுத்துப்படியில் பூனைக்காலி 'கார்ப்போபோகன்' என்னும் பேரினத்தில் வைக்கப்பட்டது. சர்ப்பகந்தா அப்போது லின்னேயஸ் இட்ட 'ஓஃபியோக்ஸைலன்' என்னும் பெயரில் இருந்தது. அதனை 'ராவோல்ஃபியா செர்ப்பென்டினா' என்று இன்று உலகம் அறியும் பெயரில் 1877இல் அச்சில் நிலைநிறுத்தியவர், ஷிப்பூர் உலர்தாவரக் காப்பகத்தின் காப்பாளராக இருந்த சுல்பிஸ் குர்ஸ். பிரிட்டிஷ் பர்மாவின் காட்டுத் தாவரங்கள் பற்றிய அவருடைய நூலில் அப்பெயர் இடம்பெற்றது. தாவரவியல் விதிப்படி அச்செடியின் முழுப்பெயர் எழுதப்படும்போதெல்லாம் கடைசியில் ஒட்டிக்கொண்டு நிற்கும் 'குர்ஸ்' என்ற சொல் ஹவுராவின் சுவடு. பேரினத்துக்குப் பெயர் கொடுத்த லியோன்ஹார்ட் ராவோல்ஃப் என்னும் பதினாறாம் நூற்றாண்டு ஜெர்மானிய மருத்துவரோ இந்தச் செடியைக் கண்டவரே அல்லர்.

உலர்தாவரத் தாள் ஒன்றில் இலையின் அமைப்பும் பூவின் அமைப்பும் இருக்கும். திரட்டிய இடமும் நாளும் இருக்கும். அந்த வேரைத் தின்ற மனிதனுக்கு என்ன நேர்ந்தது என்பது பெரும்பாலும் இராது. அந்த அறிவு வேறு மனிதர்களிடம் இருந்தது. பீகாரிலும் வங்காளத்திலும் சர்ப்பகந்தாவின் வேர் 'பைத்தியத்துக்கான மருந்து' என்னும் பெயரிலேயே சந்தையில் விற்கப்பட்டது. ஏழைத் தாய்மார் அழும் குழந்தைகளைத் தூங்கவைக்க அதனைப் பயன்படுத்தியதும் பதிவாகியிருக்கிறது. பூனைக்காலியின் காய்மேல் உள்ள சுணையை ஐரோப்பிய மருத்துவர்கள் பாகில் குழைத்துக் குடற்புழு நீக்கக் கொடுத்தனர். அதன் விதையை நம் வைத்தியர்கள் உடல் வலுவுக்கும் ஆண்மைக்கும் கொடுத்தனர். நடுக்குவாதத்தை முன்வைத்து இவ்விரண்டு செடிகளையும் ஒருசேர நோக்கியவர் எவரும் அன்று இல்லை.

1931இல் ஆற்றின் மறுகரையில் ஒரு கட்டுரை வெளிவந்தது. மகாமகோபாத்தியாய கவிராஜ் கணநாத் சென்னும் மருத்துவர் கார்த்திக் சந்திர போஸும் சேர்ந்து, சர்ப்பகந்தா மனநோய்க்கும் உயர் இரத்த அழுத்தத்துக்குமான புதிய இந்திய மருந்து என்று 'இண்டியன் மெடிக்கல் வேர்ல்ட்' இதழில் அறிவித்தனர். வேர்ப்பொடியை 20 முதல் 30 'கிரெயின்' அளவில் நாளுக்கு இருமுறை கொடுத்தால் உறக்கம் வருகிறது, இரத்த அழுத்தம் இறங்குகிறது, மூர்க்கம் தணிகிறது என்பது அவர்களுடைய அனுபவம். அதே ஆண்டில் டெல்லி திப்பியா கல்லூரியில் சலீமுஸ்ஸமான் சித்திக்கியும் ரஃபத் ஹுசைன் சித்திக்கியும் அவ்வேரிலிருந்து பல ஆல்கலாய்டுகளைப் பிரித்தெடுத்தனர். அவற்றுள் ஒன்றுக்கு ஹக்கீம் அஜ்மல் கானின் நினைவாக 'அஜ்மலின்' எனப் பெயரிட்டனர். 1933இல் கல்கத்தா வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் ராம்நாத் சோப்ராவும் அவருடைய குழுவினரும் விலங்குகளில் அதன் செயலைச் சோதித்தனர்.

கல்கத்தா அறிக்கையில் கவனிக்கத்தக்கது உறக்கத்துக்கு அது தரும் மதிப்பு. அங்கே உறக்கம் வெற்றியின் அடையாளம். கட்டிவைக்கப்படும் நிலையில் இருந்த ஒருவர் பகலில் அமைதியாகத் தூங்குகிறார் என்றால் மருந்து வேலை செய்கிறது என்று பொருள். அன்றைய மனநல விடுதிகளின் நிலையை நோக்கினால் இந்த மதிப்பீட்டைக் குறைசொல்ல இயலாது. புரோமைடு உப்புகளும் பூட்டிய அறையுமே அப்போதிருந்த மாற்று வழிகள். எனினும் அந்த அமைதிக்குள் இரண்டு வெவ்வேறு நிலைகள் கலந்திருந்தன. ஒன்று கண்ணயர்வு, மற்றொன்று உடலின் இயக்கமே மந்தமாகிப்போன அசைவின்மை. தொலைவிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும். நாற்காலியில் முகபாவமின்றிச் சாய்ந்திருக்கும் நடுக்குவாத நோயாளியைக் காணும் உறவினர் இன்றும் தடுமாறுவது இதே இடத்தில்தான்: அவர் தூங்குகிறாரா, விழித்தபடி அசையாதிருக்கிறாரா?

ஆறு ஆண்டுகள் கழித்து, 1937இல், சென்னைப் பல்கலைக்கழக உயிர்வேதியியல் ஆய்வுக்கூடத்தில் எம். தாமோதரனும் ஆர். ராமஸ்வாமியும் பூனைக்காலி விதையிலிருந்து எல்-டோப்பா என்னும் அமினோ அமிலத்தைப் பிரித்தெடுத்து, பிரிட்டனின் 'பயோகெமிக்கல் ஜர்னல்' இதழில் வெளியிட்டனர். எல்-டோப்பா அப்போது முற்றிலும் புதிய பொருள் அன்று. 1913இல் பாசல் நகரில் மார்க்கஸ் குக்கன்ஹைம் ஒருவகை அவரை விதையிலிருந்து அதனைப் பிரித்திருந்தார், 2.5 கிராம் எடுத்துத் தாமே விழுங்கிப் பார்த்து, கடும் வாந்திக்கு ஆளானார். மூளையில் அதற்கு என்ன வேலை என்பது அவருக்கும் தெரியாது, கால் நூற்றாண்டு கழித்து ஆராய்ந்த சென்னை அறிஞர்களுக்கும் தெரியாது. விதைப் புரதங்களையும் அமினோ அமிலங்களையும் பற்றிய தூய வேதியியல் வினா ஒன்றுக்கே அவர்கள் விடை தேடினர். மூளையை மந்தமாக்கும் வேர் கல்கத்தாவிலும் அந்த மந்தத்தை நீக்கும் விதை சென்னையிலும் ஒரே பத்தாண்டில் ஆய்வுமேசைக்கு வந்திருந்தன. அவற்றுக்கிடையே உள்ள தொடர்பை ஊகிக்கத் தேவையான அறிவு உலகில் அன்று எங்குமே இல்லை. ஆகவே இதனை இந்திய அறிவியல் தவறவிட்ட வாய்ப்பு என்று புலம்புவது வரலாறாகாது.

அந்தத் தொடர்பு வெளிப்பட்ட விதம் சுற்றுவழியானது. 1949இல் மும்பை மருத்துவர் ரஸ்தம் ஜல் வகீல், உயர் இரத்த அழுத்தமுள்ள 50 நோயாளிகளுக்குச் சர்ப்பகந்தா கொடுத்துக் கண்ட பயனைப் 'பிரிட்டிஷ் ஹார்ட் ஜர்னல்' இதழில் எழுதினார். மேலைநாடுகள் விழித்துக்கொண்டது அதன் பின்னரே. 1952இல் சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவன ஆய்வாளர்கள் வேரின் முதன்மை வேதிப்பொருளான ரெசர்ப்பினைப் பிரித்தெடுத்தனர். அது விற்பனைக்கு வந்த பெயர் 'செர்ப்பாசில்'. வடமொழிப் பாம்புக்கும் இலத்தீன் பாம்புக்கும் பொதுவான ஒலி அதில் இன்னும் நெளிகிறது. 1954இல் நியூயார்க்கின் ராக்லண்ட் அரசு மருத்துவமனையில் நேதன் க்ளைன் மனநோயாளிகளுக்கு அதனைக் கொடுத்தார். விடுதிகள் அமைதியடைந்தன. கூடவே வேறொன்றும் கண்ணில் பட்டது: ரெசர்ப்பின் மிகுதியாகப் பெற்ற நோயாளிகளுள் சிலர் விறைத்தனர், நடுங்கினர், முகம் உறைந்து நின்றனர். பார்க்கின்சன் விவரித்த நோயின் தோற்றத்தை ஒரு மருந்தே உண்டாக்கியது. மருந்தை நிறுத்தினால் அத்தோற்றம் பெரும்பாலும் மறைந்தது.

1957இல் சுவீடனின் லுண்ட் நகரில் ஆர்விட் கார்ல்சனும் அவருடைய இளம் கூட்டாளிகளும் ரெசர்ப்பின் செலுத்திய முயல்களையும் எலிகளையும் வைத்து ஒரு சோதனை செய்தனர். முயல்கள் காது சரிந்து, அசையாமல் கிடந்தன. செரட்டோனினின் மூலப்பொருளைச் செலுத்தியும் அவை எழவில்லை. டோப்பாவைச் செலுத்தியபோது சில நிமிடங்களில் எழுந்து நடமாடத் தொடங்கின. சர்ப்பகந்தாவின் சாரம் மூளையிலிருந்து வெளியேற்றிய ஏதோ ஒன்றைப் பூனைக்காலி விதையிலும் காணப்படும் அதே பொருள் ஈடுசெய்தது. அந்த 'ஏதோ ஒன்று' டோப்பமின் என்பது அடுத்த ஆண்டில் தெளிவாயிற்று. 1960இல் வியன்னாவில் ஹெர்பெர்ட் ஏரிங்கரும் ஒலே ஹார்னிகீவிச்சும் நடுக்குவாதத்தால் இறந்தோரின் மூளையில் டோப்பமின் பெரிதும் குறைந்திருப்பதைக் காட்டினர். 1961இல் எல்-டோப்பா நோயாளிகளுக்குச் செலுத்தப்பட்டது. 1967இல் ஜார்ஜ் கோட்சியாஸ் அளவைச் சிறிது சிறிதாக உயர்த்தி அதனை நடைமுறை மருத்துவமாக்கினார். கார்ல்சனுக்கு 2000ஆம் ஆண்டில் நோபல் பரிசு கிடைத்தது.

முயல் எழுந்த காட்சி அறிவியல் வரலாற்றின் அழகிய காட்சிகளுள் ஒன்று. ஆயினும் அது ஒரு குழப்பத்தையும் விட்டுச்சென்றது எனலாம். எழுந்தது எது? அசையாத உடல் அசைந்ததா, உறங்கிய மூளை விழித்ததா? முயலிடம் இவ்வினா எழவில்லை. எழத் தேவையும் இருக்கவில்லை. டோப்பமின் என்றால் இயக்கம், நடுக்குவாதம் என்றால் இயக்கக் கோளாறு என்ற சமன்பாடு உறுதிப்பட்டபின், தூக்கம் அந்தச் சமன்பாட்டின் வெளியே நின்றது. நோயின் கடுமையை அளக்கும் அட்டவணைகள் விரல் தட்டலையும் நடையையும் விறைப்பையும் எண்ணின. பகலில் நோயாளி எத்தனை மணிநேரம் விழித்திருக்கிறார் என்பதை எண்ணவில்லை.

இந்தக் குறுகல் தவிர்க்க முடியாததாகவும் இருக்கவில்லை. முன்னுதாரணம் ஒன்று கையிலேயே இருந்தது. 1917இல் வியன்னாவில் கான்ஸ்டன்டின் ஃபான் எக்கானமோ விவரித்த உறக்க மூளையழற்சி, உறக்கத்தையும் நடுக்குவாதத் தோற்றத்தையும் ஒரே நோயில் இணைத்துக் காட்டியிருந்தது. ஹைப்போதலாமஸின் முற்பகுதி பழுதுபட்டால் தூக்கமின்மையும், பிற்பகுதி பழுதுபட்டால் ஓயாத உறக்கமும் நேர்வதைப் பிணக்கூறாய்வு மூலம் அவர் நிறுவினார். அந்நோயிலிருந்து தப்பி, நியூயார்க்கின் மருத்துவமனை ஒன்றில் பல்லாண்டுகளாக உறைந்துகிடந்தவர்களுக்குத்தான் 1969இல் ஆலிவர் சாக்ஸ் எல்-டோப்பா கொடுத்தார். அதுபற்றிய அவருடைய நூலின் தலைப்பு 'விழிப்புகள்' என்றே பொருள்படும். அச்சொல் நூலின் அட்டையில் ஏறியது. நோயின் வரையறைக்குள் ஏறவில்லை.

வரையறையை அசைத்தது, இந்நோயில் பலமுறை நேர்ந்தது போலவே, ஒரு மருந்தின் விளைவு. டோப்பமினைப் போலச் செயல்படும் பிரமிபெக்ஸோல், ரோபினிரோல் ஆகிய புதிய மருந்துகளை உட்கொண்ட 8 நோயாளிகள் கார் ஓட்டிக்கொண்டிருக்கையிலேயே தூங்கி விபத்துக்குள்ளான செய்தி 1999இல் 'நியூராலஜி' இதழில் வெளிவந்தது. மருந்தை நிறுத்தியதும் அந்தத் திடீர்த் தூக்கம் நின்றது. டோப்பமின் குறைந்தால் அசைவின்மை என்று கற்றிருந்தவர்களுக்கு, டோப்பமினைப் போன்றதைக் கொடுத்தால் தூக்கம் வருகிறது என்பது புதிராக இருந்தது. இம்மருந்துகள், குறிப்பாகச் சிறிய அளவில், டோப்பமின் செல்கள் தம்மைத் தாமே கட்டுப்படுத்திக்கொள்ளும் ஏற்பிகளைத் தூண்டி அச்செல்களின் செயலைத் தணிக்கின்றன என்பது ஒரு விளக்கம். லெவோடோப்பாவும் சிலருக்கு உறக்கத்தைத் தருகிறது. பழி முழுவதும் மருந்தின்மேல் விழுந்துவிடும் என்ற நிலை அப்போது உருவாயிற்று.

அடுத்த சில ஆண்டுகளில் பழி பகிர்ந்தளிக்கப்பட்டது. ஹவாய்த் தீவில் 71 முதல் 93 வயது வரையான 3,078 ஆண்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2005இல் வெளியானது. தொடக்கத்தில் அவர்களுள் எவருக்கும் நடுக்குவாதம் இல்லை. பகலில் மிகையாகத் தூங்கியவர்களுக்குப் பின்னாளில் அந்நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ மூன்று மடங்காக இருந்தது. நடுக்குவாத மருந்தே தொடாத மனிதர்கள் அவர்கள். 2007இல் நெதர்லாந்திலும் லாஸ் ஏஞ்சல்ஸிலும் தனித்தனியே செய்யப்பட்ட மூளைத்திசு ஆய்வுகள், விழிப்பைக் காக்கும் ஒரெக்ஸின் செல்களே இந்நோயில் அழிந்துபோவதைக் காட்டின. அச்செல்கள் இருப்பது ஹைப்போதலாமஸின் பிற்பகுதியை ஒட்டி. தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன்னர் ஃபான் எக்கானமோ சுட்டிய இடத்துக்கு அண்மையில். மூளைத்தண்டிலுள்ள 'நீலப்புள்ளி' என்னும் செல்திரளும் இந்நோயில் சிதைகிறது. விழிப்புக்கு அதுவும் தேவை. ஆகவே பகல் தூக்கத்துக்கு நோய் ஒரு காரணம், மருந்து ஒரு காரணம், குலைந்துபோன இரவு மூன்றாவது காரணம். பெரும்பாலான நோயாளிகளிடம் இவை கலந்தே கிடக்கின்றன. குறைந்தது ஐந்தில் ஒருவருக்கேனும் இத்தொல்லை உண்டென்பது பல ஆய்வுகளின் பொதுவான முடிவு.

இந்த வரலாறு இந்தியாவில் சொல்லப்படும் விதத்தைப் பற்றி ஒன்று கூற வேண்டும். 1990இல் பி.வி. மான்யம், ஆயுர்வேத நூல்களில் பேசப்படும் கம்பவாதத்தையும் பூனைக்காலியையும் நடுக்குவாதத்தோடு இணைத்துக் கட்டுரை எழுதினார். கவனத்தோடு படிக்க வேண்டிய அக்கட்டுரை, பரவலான பேச்சில் 'லெவோடோப்பாவை நாம் மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கண்டுபிடித்துவிட்டோம்' என்ற முழக்கமாகச் சுருங்கிவிட்டது. இம்முழக்கத்தால் உண்மையில் மறைந்துபோவோர் தாமோதரனும் ராமஸ்வாமியும்தாம். ஆய்வுக்கூடத்தில் விதையை அரைத்து, வடித்து, படிகமாக்கி, இன்ன பொருள் என்று நிறுவிய உழைப்பைப் பழம்பெருமை விழுங்கிவிடுகிறது. கணநாத் சென்னுக்கும் நேர்ந்தது அதுவே: ரெசர்ப்பினின் கதை பல மேலைப் பாடநூல்களில் 1952இல் தொடங்குகிறது, நம் மேடைகளில் சரக சம்ஹிதையில் தொடங்குகிறது, இடையில் நிற்கும் 1931 இரு தரப்பாருக்கும் தேவைப்படுவதில்லை.

முழக்கத்துக்கு ஒரு நடைமுறை விலையும் உண்டு. பூனைக்காலி விதைப்பொடி இன்று நாட்டுமருந்துக் கடைகளிலும் இணையத்திலும் எளிதாகக் கிடைக்கிறது. விதையில் எடைக்கு நூற்றுக்குச் சில பங்கு வரை எல்-டோப்பா இருக்கலாம். விதைக்கு விதை அளவு மாறும். மருத்துவர் எழுதிய லெவோடோப்பா மாத்திரையோடு, அவருக்குச் சொல்லாமல் இப்பொடியையும் சேர்த்துண்ணும் ஒருவர் பகலில் சோர்ந்து விழுந்தால், காரணத்தைப் பிரித்தறிவது எவருக்கும் கடினம்.

பகல் தூக்கத்தை அளக்க உலகெங்கும் வழங்கும் கருவி, 1991இல் மெல்போர்னின் எப்வொர்த் மருத்துவமனையில் முர்ரே ஜான்ஸ் உருவாக்கிய வினாப்பட்டியல். எட்டுச் சூழல்களைக் கூறி, ஒவ்வொன்றிலும் தூங்கிவிடும் வாய்ப்பு எவ்வளவு என்று 0 முதல் 3 வரை மதிப்பெண் கேட்பது அது. ஒரு வினா, புத்தகம் படிக்கையில் தூக்கம் வருமா என்பது. இன்னொன்று, காரில் ஒரு மணிநேரம் இடைவிடாது பயணிக்கையில் வருமா என்பது. கடைசி வினா, கார் போக்குவரத்தில் சில நிமிடம் நின்றிருக்கையில் வருமா என்பது. ஹவுராவின் சந்தொன்றில் வாழும், எழுத்தறியாத, ஆற்றைப் படகிலும் பாலத்தைப் பேருந்திலும் கடக்கும் ஒரு முதியவளுக்கு இவற்றில் எத்தனை வினாக்கள் பொருந்தும் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது. அவளுக்காக விடை சொல்பவர் பெரும்பாலும் மகனோ மருமகளோ. 'வயதாகிவிட்டது, எந்நேரமும் தூங்குகிறார்கள்' என்பதே அவர்கள் தரும் விடை. தூக்கம் மாத்திரை தொடங்குவதற்கு முன்பே வந்ததா, பின்பு வந்ததா, மாத்திரை விழுங்கிய எத்தனை நாழிகைக்குள் வருகிறது என்னும் அடுத்த வினாக்கள், நேரம் இருக்கும் மருத்துவரிடமிருந்தே வரும். அவ்வினாக்களுக்கான விடை எழுதப்பட்ட நோயாளிக் குறிப்பேடுகள் குறைவு.